விருப்பப் புதுப்பிப்புகள்: எதை நிறுவுவது, எதை விடுவது?

"சார், ஆபீஸ் சிஸ்டத்துல ஏழு அப்டேட் காத்திருக்குன்னு காட்டுது. எல்லாத்துக்கும் டிக் போட்டு விட்டுடவா?"

பள்ளியில் 'கணினி தெரிந்தவர்' என்று பெயர் எடுத்துவிட்ட எந்த ஆசிரியரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் இரண்டு. "எல்லாவற்றையும் போடுங்கள், புதியது என்றால் நல்லதுதானே" என்பது ஒன்று. "ஓடுகிற வண்டியை ஏன் கழற்ற வேண்டும், ஒன்றையும் தொடாதீர்கள்" என்பது மற்றொன்று. முதல் விடையால் பிரிண்டர் வேலைசெய்யாமல் போன அலுவலகங்கள் உண்டு. இரண்டாவது விடையால் வைரஸ் புகுந்து, மதிப்பெண் கோப்புகள் திறக்க முடியாமல் போன இடங்களும் உண்டு. ஆகவே பொது விடை சொல்வதைவிட, அந்தப் பட்டியலைப் படிக்கக் கற்றுக்கொள்வது மேல். பத்து நிமிட வேலைதான் அது. நம் பள்ளிகளில் பெரும்பாலும் விண்டோஸ் 10, விண்டோஸ் 11 கணினிகளே இருப்பதால் அவற்றை வைத்தே பார்ப்போம்.

விருப்பம் அல்லாதவை

விருப்பப் பட்டியலுக்குப் போகும் முன், விருப்பத்துக்கு விடக்கூடாதது எது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புப் புதுப்பிப்பை வெளியிடுகிறது. 2003 அக்டோபரில் தொடங்கிய வழக்கம் இது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் காலை பத்து மணிக்கு வெளியிடுவார்கள். நமக்கு அப்போது இரவு பத்தரை மணி, குளிர்காலமானால் பதினொன்றரை. அதனால்தான் மாதத்தில் ஒரு புதன்கிழமை காலையில் கணினியைத் திறந்தவுடன் அது மெதுவாக நகர்கிறது, மாலையில் ரீஸ்டார்ட் கேட்கிறது. 'இன்று ஏன் இப்படி?' என்று திகைக்க வேண்டாம். நாட்காட்டியில் அந்தப் புதன்கிழமையைக் குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

இந்தப் புதுப்பிப்பு தானாகவே வந்துவிடும், நாம் டிக் போடத் தேவையில்லை. அதைத் தடுக்காமல் இருந்தால் சரி. தடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2017ஆம் ஆண்டு நடந்ததே சான்று. விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பு அவ்வாண்டு மார்ச் 14 அன்று வெளியானது. மே 12 அன்று வானாக்ரை என்ற பணம்பறிக்கும் நிரல் அதே ஓட்டை வழியாக உலகெங்கும் பரவியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் கணினித் திரைகள் முடங்கி, நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. மருந்து வந்து ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகியிருந்தது, போட்டுக்கொள்ளாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். நம் பள்ளிக் கணினியில் மாணவர் விவரம், ஆதார் நகல், சம்பளப் பட்டியல் எல்லாம் இருக்கின்றன. மாதாந்திரப் பாதுகாப்புப் புதுப்பிப்பை எக்காரணம் கொண்டும் நிரந்தரமாக நிறுத்தி வைக்கக்கூடாது. தேர்வு நேரம் என்றால் சில நாள் தள்ளி வைக்கலாம். அதற்கு 'பாஸ்' என்ற பொத்தானே இருக்கிறது, ஐந்து வாரம் வரை தாங்கும்.

இனி, தானாக வராமல் நம் சம்மதத்துக்காகக் காத்திருப்பவற்றைப் பார்ப்போம்.

பட்டியல் எங்கே இருக்கிறது?

விண்டோஸ் 10இல் செட்டிங்ஸ், அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, விண்டோஸ் அப்டேட் என்று போனால் 'வியூ ஆப்ஷனல் அப்டேட்ஸ்' என்ற வரி தெரியும். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் வழியாகப் போனால் 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' இருக்கும். காத்திருப்பது எதுவும் இல்லையென்றால் விண்டோஸ் 10இல் அந்த வரியே தெரியாது.

ஓர் இடைக்குறிப்பு. 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' என்று வேறொன்றும் உண்டு. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது புதுப்பிப்பு அல்ல, கூடுதல் வசதி. பழைய வினாத்தாளைப் புதுக் கணினியில் திறந்தபோது லதா எழுத்துரு காணோம் என்று தேடியவர்களுக்கு விடை அங்கேதான் இருக்கிறது. விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் தமிழ்த் துணை எழுத்துருத் தொகுப்பாகத் தனியே வைக்கப்பட்டுள்ளன. அந்த வசதியைச் சேர்த்தால் இரண்டும் வந்துவிடும். தமிழ் ஆசிரியர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முன்னோட்டப் புதுப்பிப்பு

பெயரில் 'பிரிவியூ' என்ற சொல் இருந்தால் அது அடுத்த மாதப் புதுப்பிப்பின் முன்னோட்டம். பெரும்பாலும் மாதத்தின் நான்காம் வாரத்தில் வரும். டிசம்பரில் பொதுவாக வராது. இதில் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் புதிதாக இருக்காது. சிறுசிறு பிழைகளைச் சரிசெய்வதும், ஒன்றிரண்டு புதிய வசதிகளும்தான் இருக்கும். இதை நிறுவாமல் விட்டாலும் நமக்கு இழப்பில்லை. இதில் உள்ளதெல்லாம் அடுத்த மாதம் இரண்டாம் செவ்வாயன்று வரும் கட்டாயப் புதுப்பிப்பில் சேர்ந்தே வந்துவிடும். இரண்டு, மூன்று வாரம் பொறுத்தால் பலர் பயன்படுத்திப் பார்த்து, குறை களையப்பட்ட பொருள் கிடைக்கும். பொங்கல் பானை பொங்கும் முன்பே அகப்பையை நீட்ட வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

அப்படியானால் முன்னோட்டத்தை எப்போதுமே விட்டுவிடலாமா? இல்லை, இதற்கு விலக்கு உண்டு. 2021 மார்ச் 9 அன்று வந்த கட்டாயப் புதுப்பிப்பை நிறுவிய பல கணினிகளில், குறிப்பிட்ட சில நிறுவனப் பிரிண்டர்களுக்கு அச்சிடக் கட்டளை கொடுத்தவுடன் திரை நீலமாகி நின்றது. மார்ச் 15 அன்று அதற்கான திருத்தம் வந்தது. ஆனால் அது தானாக வரவில்லை, விருப்பப் புதுப்பிப்பாகவே வந்தது. பிரிண்டர் நன்றாக ஓடிய அலுவலகத்துக்கு அது தேவையே இல்லை. நீலத்திரை வந்த அலுவலகத்துக்கோ அது அன்றே தேவை. ஒரே புதுப்பிப்பு ஒருவருக்கு வேண்டாதது, மற்றவருக்கு உயிர்நாடி.

இதிலிருந்து கேட்க வேண்டிய முதல் கேள்வி கிடைத்துவிடுகிறது: என் கணினியில் இப்போது என்ன கோளாறு இருக்கிறது? கோளாறு எதுவும் இல்லையென்றால் முன்னோட்டம் வேண்டாம். கோளாறு இருந்தால், ஒவ்வொரு புதுப்பிப்பின் பெயரோடும் வரும் 'கேபி' எண்ணை எடுத்துத் தேடுங்கள். அந்த எண்ணுக்கு மைக்ரோசாஃப்ட் தரும் விளக்கப் பக்கத்தில் எதைச் சரிசெய்திருக்கிறோம் என்ற பட்டியலும், இன்னும் சரியாகாதது எது என்ற பட்டியலும் இருக்கும். நம் கோளாறு முதல் பட்டியலில் இருந்தால் நிறுவலாம். இரண்டாவதையும் படித்துவிட்டு நிறுவுவது இன்னும் நல்லது.

டிரைவர்கள்

பட்டியலில் மிகுதியாக இருப்பவை இவைதாம். கணினியோடு இணைந்த ஒவ்வொரு கருவிக்கும் விண்டோஸுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக நிற்கும் சிறு நிரலே டிரைவர். பிரிண்டர், வைஃபை, ஒலி, திரை, கேமரா என ஒவ்வொன்றுக்கும் ஒன்று உண்டு. மிகத் தேவையான டிரைவர்களை விண்டோஸ் தானாகவே நிறுவிவிடுகிறது. விருப்பப் பட்டியலில் வருபவை, 'இதுவும் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்' என்ற வகை. பட்டியலின் தலைப்பிலேயே, உங்களுக்குக் குறிப்பிட்ட சிக்கல் ஏதேனும் இருந்தால் இவற்றில் ஒன்று உதவலாம் என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. நேரே டிக் பெட்டிக்குத்தான் கை போகிறது.

டிரைவர் வரிசையில் நிறுவனப் பெயர், கருவி வகை, தேதி, பதிப்பு எண் ஆகியவை இருக்கும். தேதியை நம்பி ஏமாறக்கூடாது. இன்டெல் நிறுவனத்தின் சில டிரைவர்களுக்கு எதிரே 1968 ஜூலை 18 என்று தேதி காட்டும். விண்டோஸே பிறக்காத காலம் அது! பார்த்தவர்கள் வைரஸ் என்று பதறிப் போனதுண்டு. அது இன்டெல் நிறுவனம் தொடங்கப்பட்ட நாள். தன் பொதுவான டிரைவர், அந்தக் கருவிக்கென்றே எழுதப்பட்ட வேறொரு டிரைவரைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிடக்கூடாது என்பதற்காக, வேண்டுமென்றே பழைய தேதியை இட்டிருக்கிறார்கள். விண்டோஸோடு சேர்ந்தே வரும் மைக்ரோசாஃப்ட் டிரைவர்களில் 2006 ஜூன் 21 என்று இருப்பதும் இதே காரணத்தால்தான். ஆகவே 'தேதி பழையது, உடனே மாற்ற வேண்டும்' என்பதும் தவறு, 'தேதி புதியது, கட்டாயம் நல்லது' என்பதும் தவறு. இந்தச் செய்தியை மாணவரிடம் சொல்லிப் பாருங்கள். வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

சரி, டிரைவரில் எதை எடுப்பது? கருவியைப் பொறுத்து என் முடிவு மாறும்.

ஒலி, கேமரா: கேட்கிறது, தெரிகிறது என்றால் தொடுவதில்லை. இணையவழிப் பயிற்சியில் நம் குரல் மற்றவர்க்குக் கேட்கவில்லை என்றால், முதலில் மைக் அமைப்பைப் பார்த்துவிட்டு, அதன் பிறகே டிரைவர்.

திரை: புரொஜெக்டரோ ஸ்மார்ட் போர்டோ இணைத்தால் படம் கோணலாக வருகிறது, துள்ளுகிறது, நிறம் மாறுகிறது என்றால் திரை டிரைவரை முயன்று பார்க்கலாம். அதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். நான் பார்த்த வரையில் பத்துக்கு ஏழு முறை கேபிள்தான் குற்றவாளி.

பிரிண்டர்: ஓடுகிற பிரிண்டருக்குப் புது டிரைவர் போடவே கூடாது என்பது என் கருத்து. மாற்றுச் சான்றிதழ் அச்சிடும் மே, ஜூன் மாதங்களில் நிச்சயம் கூடாது.

வைஃபையும் இணையக் கேபிள் கருவியும்: இவற்றில்தான் கூடுதல் கவனம் வேண்டும். மற்ற டிரைவர் எது கெட்டாலும் இணையத்தில் தேடிச் சரியானதைப் பதிவிறக்கலாம். இணைய டிரைவரே கெட்டுவிட்டால்? கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க அதே வாளியைத் தேடிய கதைதான். ஆகவே இதை நிறுவும் முன், கணினி நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து அந்த மாடலுக்குரிய டிரைவரை இறக்கி ஒரு பென்டிரைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவசரத்துக்குக் கைபேசியை யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து இணையம் பெறவும் முடியும்.

எந்த டிரைவரானாலும் ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே நிறுவ வேண்டும். ஐந்தை ஒன்றாகப் போட்டுவிட்டு மறுநாள் கணினி தடுமாறினால் ஐந்தில் எது காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அறிவியல் பாடத்தில் நாம் சொல்லித் தருவதுதான் இது. ஒரு மாறியை மட்டும் மாற்று, மற்றவற்றை அப்படியே வை, விளைவைப் பார்.

நிறுவிய பின் சிக்கல் வந்தால், டிவைஸ் மேனேஜரில் அந்தக் கருவியின் மீது வலது சொடுக்கி, பிராபர்ட்டீஸ், டிரைவர் என்று போனால் 'ரோல் பேக் டிரைவர்' என்ற பொத்தான் இருக்கும். அழுத்தினால் பழைய டிரைவர் திரும்பிவிடும். அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால் திரும்ப வைக்கப் பழையது இல்லை என்று பொருள். அதற்காகவே நிறுவும் முன் ஒரு ரீஸ்டோர் பாயிண்ட் உருவாக்கிக்கொள்வது நல்லது. ஸ்டார்ட் அருகே தேடும் பெட்டியில் 'ரீஸ்டோர் பாயிண்ட்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் அதற்குரிய சாளரம் வரும். பல கணினிகளில் இந்த வசதி அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். முதலில் சி டிரைவுக்கு அதை இயக்க வேண்டும்.

விளம்பரங்களில் வரும் 'உங்கள் கணினியில் 23 டிரைவர்கள் காலாவதி' என்ற மென்பொருள்களைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. அவற்றை நிறுவக்கூடாது.

ஃபர்ம்வேர்

பட்டியலில் 'ஃபர்ம்வேர்' அல்லது 'பயாஸ்' என்று இருந்தால் அங்கே நின்று யோசிக்க வேண்டும். இது விண்டோஸுக்குள் மாறுவதல்ல, தாய்ப்பலகையில் பொறித்திருக்கும் அடிப்படை நிரல் மாறுவது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கணினி மறுபடி எழாமலே போகலாம். ரோல் பேக் பொத்தானெல்லாம் இதற்குக் கிடையாது. மடிக்கணினி என்றால் பேட்டரி நிரம்பியிருக்க வேண்டும், சார்ஜரும் செருகியிருக்க வேண்டும். மேசைக் கணினி என்றால் யு.பி.எஸ். உண்மையிலேயே மின்சாரத்தைத் தாங்குகிறதா என்று ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிச் சோதித்த பிறகே தொட வேண்டும். பச்சை விளக்கு எரிவதை மட்டும் வைத்து அதை நம்பக்கூடாது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்த நாளில் இந்த வேலையே வேண்டாம்.

இன்னொரு பொறியும் உண்டு. வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்ட கணினியில் ஃபர்ம்வேர் மாறினால், அடுத்த முறை திறக்கும்போது 48 இலக்க மீட்பு எண் கேட்கக்கூடும். அது முதலில் அமைத்துக் கொடுத்தவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அவர் மாறுதலில் வேறு மாவட்டம் போயிருப்பார்! நிறுவும் முன்பே அந்த எண்ணை எடுத்துத் தாளில் எழுதித் தலைமையாசிரியர் அலமாரியில் வைக்க வேண்டும்.

ஆயினும் ஃபர்ம்வேர் புதுப்பிப்பு சில நேரம் பாதுகாப்புக்காகவே வரும். அதனால் வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கோடை விடுமுறையில், அவசரம் இல்லாத ஒரு காலைப் பொழுதில் செய்யலாம்.

பெரிய பதிப்பு மாற்றம்

விண்டோஸின் முழுப் பதிப்பே மாறும் புதுப்பிப்பும் பெரும்பாலும் நம் சம்மதம் கேட்டே வரும். 2018 அக்டோபர் 2 அன்று வெளியான விண்டோஸ் 10 பதிப்பு 1809 சிலருடைய ஆவணங்களை அழித்துவிட்டது. சில நாட்களில் வெளியீட்டை நிறுத்தி, நவம்பர் 13 அன்றுதான் மறுபடி விட்டார்கள். பாதிப்பு பத்தாயிரத்தில் ஒருவருக்கு என்றது மைக்ரோசாஃப்ட். யார் அந்த ஒருவர்? 'செக் ஃபார் அப்டேட்ஸ்' பொத்தானைத் தாமே அழுத்தி முதல் வாரத்தில் முந்திக்கொண்டவர்களில், 'டாக்குமென்ட்ஸ்' கோப்புறையை வேறிடத்துக்கு மாற்றிவிட்டுப் பழைய இடத்திலும் கோப்புகளை விட்டு வைத்திருந்தவர்கள். நம் அலுவலகங்களில் இடம் போதாமல் டி டிரைவுக்கு மாற்றியிருப்பது சர்வசாதாரணம்.

எனவே பதிப்பு மாற்றத்துக்குச் சில மாதம் பொறுக்கலாம், ஆனால் காலவரையின்றிப் பொறுக்க முடியாது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. தனிநபர் கணினிகளுக்கு, பதிவுசெய்துகொண்டால் மேலும் ஓராண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு என அறிவித்தார்கள். விண்டோஸ் 11க்கு 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு ஆகியவை வேண்டும். இன்டெல் கணினி என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் சில்லு அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். தகுதி இருக்கிறதா என்று விண்டோஸ் அப்டேட் பக்கமே சொல்லும். தகுதியில்லாக் கணினியில் குறுக்கு வழியில் ஏற்றித் தரும் காணொளிகளைப் பின்பற்றிப் பள்ளிக் கணினியைச் சோதனைக் களமாக்க வேண்டாம். மாறிய பின் பிடிக்கவில்லை என்றால் பத்து நாளுக்குள் பழையதற்குத் திரும்பலாம். எப்படியானாலும் கோப்புகளின் நகல் வெளிவட்டில் இருந்தாக வேண்டும்.

பாஸ் லினக்ஸ், உபுண்டு வைத்திருக்கும் பள்ளிகளில் வேலை எளிது. உபுண்டுவின் புதுப்பிப்புப் பட்டியலில் பாதுகாப்புக்கானவை தனித் தலைப்பில் இருக்கும். அவற்றை முதலில் எடுத்து, மற்றவற்றை வார இறுதிக்கு விடலாம்.

ஆய்வகத்தில் செய்யும் முறை

பராமரிப்பு ஒப்பந்தத்தில் உள்ள உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகளில் நாமாக எதையும் நிறுவுவது முறையல்ல. பொறுப்பாளரிடம் எழுத்தில் சொல்லி, அவர்கள் வழியாகவே செய்ய வேண்டும். நம் பொறுப்பில் உள்ளவற்றுக்கு மட்டுமே கீழே உள்ளவை.

ஒரே மாடல் கணினிகள் பத்து இருந்தால், ஓரக் கணினி ஒன்றில் மட்டும் முதலில் நிறுவுங்கள். ஒரு வாரம் மாணவர்கள் வழக்கம்போலப் பயன்படுத்தட்டும். அச்சு, ஒலி, இணையம், எமிஸ் தளம் எல்லாம் சரியாக ஓடினால் மற்ற ஒன்பதுக்கும் போகலாம். வெள்ளிக்கிழமை மாலை நிறுவும் பழக்கம் பலருக்கு உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. கோளாறு திங்கள் காலை முதல் பாடவேளையில்தான் தெரியவரும். செவ்வாய் அல்லது வியாழன் மாலை நல்லது, மறுநாளே சரிசெய்ய ஆள் கிடைக்கும்.

தரவுச் செலவும் கவனிக்க வேண்டியது. பத்துக் கணினியும் தனித்தனியே இணையத்திலிருந்து இறக்கினால் அன்றாட அளவு முற்பகலிலேயே தீர்ந்துவிடும். 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' என்ற அமைப்பில் உள்ளூர் வலையமைப்பில் உள்ள கணினிகளிடமிருந்து பெறுவதை அனுமதித்தால், ஒன்று இறக்கியதை மற்றவை பகிர்ந்துகொள்ளும். ஆசிரியரின் கைபேசி ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைக்கும்போது அந்த இணைப்பை 'மீட்டர்டு' என்று குறித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வருகைப் பதிவுக்காகத் திறந்த இணையத்தைப் புதுப்பிப்பு குடித்துவிடும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, கணினி எண், புதுப்பிப்பின் பெயர் அல்லது கேபி எண், ஏன் நிறுவினோம், பிறகு என்ன ஆயிற்று என்று ஐந்து கட்டம். 'ஏன்' என்ற கட்டத்தில் எழுத ஒன்றும் தோன்றவில்லை என்றால் அந்தப் புதுப்பிப்பு தேவையில்லை என்பது தானே விளங்கும்.

வகுப்பறைச் செயல்பாடு

கணினி அறிவியல், கணினிப் பயன்பாடுகள் படிக்கும் பதினொன்றாம் வகுப்புக்கு இதை ஒரு பாடவேளைச் செயல்பாடாகச் செய்யலாம். ஒன்பதாம் வகுப்பிலும் செய்து பார்த்திருக்கிறேன், நன்றாகவே வந்தது. ஒவ்வொரு குழுவுக்கும் ஐந்து அட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு புதுப்பிப்பும் ஒரு சூழலும். 'நிறுவு', 'பொறு', 'விடு' என்று மூன்றில் ஒன்றைச் சொல்லிக் காரணமும் ஒரே வரியில் எழுத வேண்டும்.

முதல் அட்டை: மாதாந்திரப் பாதுகாப்புப் புதுப்பிப்பு, தேர்வு ஏதும் இல்லை. இரண்டாவது: 1968 தேதியிட்ட டிரைவர், கணினியில் எந்தக் குறையும் இல்லை. மூன்றாவது: பிரிவியூ புதுப்பிப்பு, அச்சிட்டால் நீலத்திரை வருகிறது, விளக்கப் பக்கத்தில் அதே குறை சரிசெய்யப்பட்டதாக உள்ளது. நான்காவது: பயாஸ் புதுப்பிப்பு, யு.பி.எஸ். பழுது. இவற்றில் குழுக்கள் விரைவில் ஒத்துப்போய்விடும். நான்காவதில் 'விடு', 'பொறு' என்று இரு விடையும் வரும். காரணம் சரியாக இருந்தால் இரண்டையும் ஏற்கலாம்.

ஐந்தாவது அட்டையில்தான் விவாதம் சூடுபிடிக்கும். 'ஆய்வகத்தில் பத்து மடிக்கணினிகள். வைஃபை அடிக்கடி துண்டிக்கிறது. நாளை மறுநாள் இணையவழித் தேர்வு. விருப்பப் பட்டியலில் வைஃபை டிரைவர் ஒன்று இருக்கிறது.' கோளாறு இருக்கிறதல்லவா, எனவே நிறுவ வேண்டும் என்றது ஒரு குழு. தேர்வு நெருங்கிவிட்டது, இணைய டிரைவர் கெட்டால் மீட்க நேரமில்லை, எனவே பொறுக்க வேண்டும் என்றது இன்னொன்று. "போடாம விட்டு வைஃபை போனா அது மெஷின் தப்பு. போட்டுப் போனா அது நம்ம தப்புன்னு சொல்லுவாங்க, அதுக்குப் பயந்துதான் பொறுக்கச் சொல்றீங்க" என்றாள் முதல் குழுவிலிருந்த மாணவி. மறுப்பதற்கு எதிர்க்குழு கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டது. பிறகு அவர்களில் ஒருவன் எழுந்து, "பத்துலயும் ஏன் போடணும்? ஒண்ணுல போட்டுப் பார்ப்போம்" என்றான்.

அங்கிருந்து இரு குழுவும் சேர்ந்து கரும்பலகையில் எழுதிய திட்டம் இது: பழைய டிரைவரைப் பென்டிரைவில் எடுத்து வைப்பது, இன்று ஒரு மடிக்கணினியில் மட்டும் நிறுவி இரண்டு மணி நேரம் தொடர்ந்து காணொளி ஓட விடுவது, துண்டிக்காவிட்டால் நாளை காலை மேலும் மூன்றில் நிறுவுவது, மீதி ஆறையும் தேர்வன்று கேபிளில் இணைப்பது. ஆறு கேபிள் பள்ளியில் இருக்கிறதா என்று அந்த மாணவி கேட்டாள். எண்ணிப் பார்க்க இருவரை அனுப்பினோம்.